8.8.8.8 போடும் முன் பழையதைக் குறித்து வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வரும் கணினிப் பத்தியை விடாமல் படிப்பவள் நான். அண்மையில் அதில் ஒரு குறிப்பு வந்தது. நெட் சரியில்லை என்றால் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 போட்டுவிடுங்கள், சரியாகிவிடும் என்பது அதன் சாரம். நான் குடியாத்தத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பம் போடுவது, வில்லங்கச் சான்று, பட்டா நகல் எடுத்துத் தருவது எல்லாம் உண்டு. கூடவே லேப்டாப்பும் பார்ப்பேன். அந்தக் குறிப்பைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். அதன்படி செய்துவிட்டு, அப்புறம் முகம் வாடி வந்தவர்களும் இருக்கிறார்கள். குறிப்பு பொய் என்று சொல்ல வரவில்லை. பாதியில் நின்றுவிட்டது என்கிறேன். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணினிக்குப் பெயரைவிட எண்தான் முக்கியம். நாம் ஒரு தளத்தின் பெயரை அடித்ததும், அது நேம் சர்வர் (டிஎன்எஸ் சர்வர் என்பதும் இதுதான்) என்ற இன்னொரு கணினியிடம் இந்தப் பெயருக்கு எண் என்ன என்று கேட்கிறது. எண் கிடைத்ததும் நேரே அந்தத் தளத்துக்குப் போய்விடுகிறது. நேம் சர்வரின் வேலை அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு படம் இறங்குவதும் பிடிஎஃப் ஏறுவதும் அதன் வழியாக நடப்பதில்லை. ஆகவே லைனே மந்தமாக இருந்தால் நாலு எட்டு (8.8.8.8) போட்டாலும் நாலு ஒன்று (1.1.1.1) போட்டாலும் மந்தம் மந்தம்தான். நம் இணைப்பு நிறுவனத்தின் நேம் சர்வர் தூங்கி வழிந்தால் மட்டும், பக்கம் திறக்கத் தொடங்குவதற்கு முன்னால் வரும் இழுபறி இதனால் குறையும். கூகுள் 2009 டிசம்பரில் தன் நேம் சர்வரான 8.8.8.8-ஐப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை நிறுவனம் 2018 ஏப்ரலில் 1.1.1.1-ஐக் கொண்டுவந்தது. இரண்டும் இலவசம், நல்ல சேவைகள்தான். நானே சில இடங்களில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எங்கே போடக் கூடாது என்பதுதான் உங்கள் குறிப்பில் இல்லை.

பேர்ணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் துணிப்பையில் லேப்டாப்பைப் போட்டுக்கொண்டு வந்தார். வீட்டில் பழைய இணைப்பை எடுத்துவிட்டு வேறு நிறுவனத்தின் ஃபைபர் போட்டிருக்கிறார். ஃபோனில் எல்லாம் வருகிறது, லேப்டாப்பில் ஒன்றும் வரவில்லை. லைன் போட வந்த பையன், "எங்க லைன் நல்லாத்தான் சார் இருக்குது, லேப்டாப்லதான் கோளாறு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஒரு சர்வீஸ் கடையில் ஃபார்மேட் அடிக்க வேண்டும் என்றார்களாம். பேரப்பிள்ளைகளின் படமெல்லாம் அதில்தான் இருக்கிறது, வேறெங்கும் பிரதி கிடையாது. "இன்னாம்மா, எல்லாம் போயிடுமா?" என்று கேட்டார்.

என் கடை வைஃபையில் இணைத்துப் பார்த்தேன். இங்கேயும் அதே கதை. வைஃபை குறி முழுதாக இருக்கிறது, பக்கம் ஒன்றும் திறக்கவில்லை. கட்டளை அடிக்கும் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, எதிர்ப்பக்கம் பதில் தருகிறதா என்று தட்டிப் பார்க்கும் பிங் கட்டளையை அடித்து, பக்கத்தில் 8.8.8.8 என்ற எண்ணைக் கொடுத்தேன். பதில் வந்துகொண்டே இருந்தது. லைன் உயிரோடு இருக்கிறது, வெளியே போய் வருகிறது. அடுத்து அதே பிங்குக்கு எண்ணுக்குப் பதிலாக ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தேன். அப்படி ஒரு ஹோஸ்ட்டை, அதாவது கணினியை, கண்டுபிடிக்க முடியவில்லை என்றது. எண்ணுக்குப் போகிறது, பெயருக்குப் போகவில்லை. அப்படியானால் கோளாறு பெயர் தேடும் இடத்தில்தான். ஃபார்மேட் பேச்சுக்கே இடமில்லை. சில அலுவலகங்களில் பிங்கையே தடுத்து வைத்திருப்பார்கள், அங்கே இந்தச் சோதனை ஏமாற்றும். வீட்டு லைன்களில் பெரும்பாலும் எடுபடும்.

பிறகு கணினியின் நெட்வொர்க் விவரங்களைக் காட்டும் ஐபிகான்ஃபிக் /ஆல் கட்டளையை அடித்தேன். நீளமாக ஒரு பட்டியல் வரும். அதில் டிஎன்எஸ் சர்வர்ஸ் என்ற வரியைத்தான் பார்க்க வேண்டும். அங்கே இருந்த இரண்டு எண்களும் வாத்தியார் கைவிட்ட பழைய நிறுவனத்தின் நேம் சர்வர்கள். எப்போதோ எதையோ சரிசெய்ய வந்தவர் கையால் அடித்துவிட்டுப் போயிருக்கிறார். இணைப்பு நிறுவனங்கள் தங்கள் நேம் சர்வரைத் தங்கள் வாடிக்கையாளருக்கு மட்டும் பதில் சொல்லும்படி வைத்திருப்பதுதான் வழக்கம். அடுத்தவர் லைனிலிருந்து கேட்டால் வாயே திறக்காது. ஃபோனில் யாரும் கைவைக்கவில்லை, அதனால் புது ரவுட்டர் எந்த நேம் சர்வரைச் சொன்னதோ அதை எடுத்துக்கொண்டு ஃபோன் ஓடியது. லேப்டாப் மட்டும் கையால் எழுதியதையே கட்டிக்கொண்டு அழுதது. நெட்வொர்க் அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸில் இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4 என்று ஒரு வரி இருக்கும். அதற்குள் போய், டிஎன்எஸ் முகவரியை ஆட்டோமேட்டிக்காக எடுத்துக்கொள் என்ற பொத்தானைத் தேர்ந்து ஓகே கொடுத்தேன். முடிந்தது. லைன் போட்ட பையன் சொன்னதிலும் பொய் இல்லை, பாருங்கள். லைன் நன்றாகத்தான் இருந்தது.

இந்த இடத்தில் உங்கள் குறிப்பின்படி நாலு எட்டு போட்டிருந்தாலும் நெட் வந்திருக்கும். ஆனால் ஒருவர் கையால் எழுதி மறந்துபோனதால் வந்த வினைக்கு, இன்னொரு எண்ணைக் கையால் எழுதுவது மருந்தா? வீட்டுக் கணினி என்றால் ஆட்டோமேட்டிக்தான் இயல்பு நிலை. முதலில் அதற்குத் திருப்பிப் பார்க்க வேண்டும். அதிலும் வரவில்லை என்றால்தான் வேறு எண்.

ஆம்பூரில் நடந்தது இதற்கு நேர்மாறு. என் தம்பி மகன் அங்கே ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறான். அவன் பக்கத்து நாற்காலிக்காரர் உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு அலுவலகக் கணினியில் நாலு எட்டைப் போட்டுவிட்டார். அமைப்புகளை மாற்றும் அட்மின் உரிமை எல்லோருக்கும் திறந்து கிடக்கிற அலுவலகம், என்ன சொல்வது. தம்பி மகன் ஃபோன் பண்ணினான். "அத்தை, கூகுள் வருது, யூடியூப் வருது. எங்க சர்வர் மட்டும் காணோம்." கணக்கு மென்பொருள் திறக்கவில்லை, பொதுவாக ஃபைல் வைக்கும் இடம் திறக்கவில்லை. காலையில் லாகின் ஆவதற்கே டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் போலிருக்கிறது என்றான்.

அந்தக் கம்பெனிக்குள் இருக்கும் சர்வர்களின் பெயர்கள் கம்பெனியின் சொந்த நேம் சர்வருக்கு மட்டுமே தெரிந்தவை. எல்லாக் கணினிகளின் லாகினையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் விண்டோஸ் டொமைன் வைத்து நடத்தும் எந்த அலுவலகத்திலும் இப்படித்தான். லாகின் செய்யும்போது கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் சர்வர் எது என்பதைக்கூட அந்த நேம் சர்வரிடம் கேட்டுத்தான் கணினி தெரிந்துகொள்கிறது. கூகுளிடம் போய்க் கேட்டால், அப்படி ஒரு பெயரே இல்லை என்று அது சொல்லத்தான் செய்யும்.

அதற்கப்புறம் அங்கே ஒருவர் சொன்ன யோசனைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் நன்றாகக் கணினி தெரிந்தவர்களே இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மேல் கட்டத்தில் 8.8.8.8 இருக்கட்டும், கீழே ஆல்டர்நேட் கட்டத்தில் கம்பெனி சர்வரைப் போடு, அதுக்குத் தெரியாததை இது சொல்லும் என்றாராம். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. நடப்பு அப்படி இல்லை. முதல் சர்வர் பதிலே சொல்லாமல் கிடந்தால் கேட்பதற்குத்தான் இரண்டாவது எண். 'அந்தப் பெயர் இல்லை' என்பதும் ஒரு பதில்தான். பதில் வந்துவிட்டது என்று கணினி திருப்தியடைந்துவிடும், இரண்டாவதை எட்டிக்கூடப் பார்க்காது. சரி, வரிசையை மாற்றிக் கம்பெனி சர்வரை மேலே போட்டால்? அது இன்னும் தொல்லை. அன்றைக்கு வேலை செய்யும், எல்லோரும் கைதட்டுவார்கள். என்றாவது கம்பெனி சர்வர் சற்றுத் தடுமாறினால் கணினி கூகுள் பக்கம் சாய்ந்துவிடும். இந்தச் சர்வர் எழுந்து உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே நிற்கும். ஒரு நாள் வருது, ஒரு நாள் வரலை என்ற ரகப் புகார். இதன் வேரைப் பிடிப்பதற்குள் தலை நரைத்துவிடும். இரண்டு கட்டத்திலும் ஒரே விஷயம் தெரிந்த சர்வர்கள்தான் இருக்க வேண்டும். கம்பெனிக் கணினி என்றால் இரண்டுமே கம்பெனியின் சர்வர்களாக இருக்கட்டும். வெளியுலகப் பெயர்களை அந்தச் சர்வரே வெளியே கேட்டு வாங்கிக் கொடுக்கும். நாலு எட்டைப் போட்டே தீர வேண்டுமென்றால் அங்கே போட வேண்டியவர் சிஸ்டம் அட்மின்.

தம்பி மகனிடம், ஆட்டோமேட்டிக்குக்கு மாற்று என்றேன். அங்கே எல்லா எண்ணும் கையால் கொடுத்தவை, ஆட்டோமேட்டிக் கிடையாது என்றான். முன்பு என்ன எண் இருந்தது? அடித்து அழித்தவர் குறித்து வைக்கவில்லை. சிஸ்டம் பார்க்கிறவர் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தார். பக்கத்துக் கணினியில் ஐபிகான்ஃபிக் /ஆல் அடித்து, டிஎன்எஸ் வரியை மட்டும் பார்த்து எழுதிக்கொள்ளச் சொன்னேன். ஐபி முகவரியையும் சேர்த்துக் காப்பி அடித்துவிடாதே, இரண்டு கணினிக்கு ஒரே முகவரி வந்தால் அது தனிச் சண்டை என்று எச்சரித்தேன். பையன் கெட்டிக்காரன், சரியாகச் செய்துவிட்டான்.

உங்கள் குறிப்பை எழுதியவர் ஒரு வரி சேர்த்திருந்தால் இத்தனையும் வந்திருக்காது: மாற்றும் முன் இருப்பதை எழுதி வையுங்கள், இல்லையென்றால் திரையை ஃபோனில் படமெடுத்து வையுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். நாலு எட்டு நமக்கு உதவுமா என்று தெரிந்துகொள்ள எதையும் மாற்றவே வேண்டாம். என்எஸ்லுக்அப் என்று ஒரு கட்டளை விண்டோஸிலேயே இருக்கிறது. அதை அடித்து, இடம் விட்டுத் தளத்தின் பெயர் கொடுத்தால், எந்த நேம் சர்வரிடம் கேட்கிறது, அது என்ன எண் சொல்கிறது என்று காட்டும். அதே வரியின் கடைசியில் இன்னொரு இடம் விட்டு 8.8.8.8 என்று சேர்த்தால், அந்த ஒரு கேள்வியை மட்டும் கூகுளிடம் கேட்கும். முதல் தடவை பதில் வராமல் இரண்டாவது தடவை வந்தால் உங்கள் நிறுவனத்தின் நேம் சர்வர் படுத்துவிட்டது என்று பொருள். அப்போது தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். இரண்டிலும் பதில் வருகிறது, ஆனாலும் தளம் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ்ஸை விட்டுவிடுங்கள், கோளாறு வேறெங்கோ. விண்ணப்பக் கடைசி நாளில் என் கடையில் வரிசை நிற்கும்போது இதைத்தான் முதலில் பார்ப்பேன். பெரும்பாலும் பெயருக்கு எண் ஒழுங்காக வரும், அந்தத் தளம்தான் கூட்டம் தாங்காமல் மூச்சுவிடத் திணறும். அதற்கு நம் பக்கத்தில் எந்த எண்ணை மாற்றியும் பயனில்லை.

2021 அக்டோபர் 4 இரவு நினைவிருக்கும். ஒன்பது மணிக்கு மேல் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒன்றாகப் போயின. திரும்பி வர சுமார் ஆறு மணி நேரம் ஆயிற்று. அந்த மூன்றையும் நடத்தும் நிறுவனத்தின் சொந்த நேம் சர்வர்களுக்குப் போகும் வழியே இணையத்திலிருந்து மறைந்துவிட்டது. கூகுளிடம் கேட்டாலும் யாரிடம் கேட்டாலும் எண் கிடைக்கவில்லை. எங்கள் தெருவில் ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டவர்கள் பலர்.

என்எஸ்லுக்அப் சரியான எண்ணைக் காட்டும், பிரவுசர் மட்டும் தப்பான இடத்துக்குப் போகும் என்ற விசித்திரமும் உண்டு. ஒரு ஃபோட்டோ ஸ்டுடியோக் கணினியில் இதைப் பார்த்தேன். 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் இந்த நேம் சர்வர் முறையை வடிவமைப்பதற்கு முன், எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே ஒரு ஃபைலில் இருந்தன; அதை எல்லோரும் பிரதி எடுத்துக்கொள்வார்கள். அதன் வாரிசாக ஹோஸ்ட்ஸ் என்ற ஃபைல் இன்றும் ஒவ்வொரு விண்டோஸ் கணினியிலும் சிஸ்டம்32-க்குள் உட்கார்ந்திருக்கிறது. அதில் ஒரு பெயர் எழுதியிருந்தால் நேம் சர்வரைக் கேட்காமலே கணினி அதை நம்பிவிடும். என்எஸ்லுக்அப் அந்த ஃபைலைப் பார்ப்பதில்லை, பிரவுசர் பார்க்கிறது. ஸ்டுடியோவில் திருட்டு மென்பொருள் ஏற்றியவர்கள், அது தாய் நிறுவனத்தோடு பேசாமலிருக்க அந்த ஃபைலில் வரிவரியாக எழுதி வைத்திருந்தார்கள். பின்னாளில் காசு கொடுத்து அசல் வாங்கியும் அது வேலை செய்யாததற்கு அதுதான் காரணம்.

தளத்தின் எண் மாறிய பிறகும் நம் கணினி பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருப்பது வேறு ரகம். 2019-இல் ராணிப்பேட்டை தனி மாவட்டமான பிறகும், ஆற்காட்டுக்காரர் ஒருவர் கலெக்டர் ஆபீசுக்கு வழி கேட்டால் பழக்கத்தில் வேலூர் கலெக்டர் ஆபீஸ் இருக்கும் சத்துவாச்சாரிக்குக் கை காட்டுகிற பெரியவர் போல. ஒவ்வொரு பதிலோடும் இதை இத்தனை நொடி வரை நம்பலாம் என்று ஒரு கெடு வரும். கெடு முடியும்வரை கணினி மறுபடி கேட்காது. ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ் என்று அடித்தால் நினைவில் இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டுப் புதிதாகக் கேட்கும். இதில் பயப்பட ஒன்றும் இல்லை, எதுவும் அழியாது.

லினக்ஸ் வைத்திருக்கும் பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வார்த்தை. நேம் சர்வர் எண் எழுதியிருக்கும் ரிசால்வ்.கான்ஃப் ஃபைலில் 127.0.0.53 என்று இருப்பது உபுண்டுவில் தப்பில்லை. கணினிக்குள்ளேயே இருக்கும் ஒரு தரகர் அது. அந்த ஃபைலை நேரடியாகத் திருத்தினால் மறுபடி இணைக்கும்போது பெரும்பாலும் அழிந்துவிடும். நெட்வொர்க் அமைப்புகளில் போய் மாற்றுங்கள். ஆண்ட்ராய்டு ஃபோனில் விளம்பரம் வராமலிருக்க ப்ரைவேட் டிஎன்எஸ் என்ற அமைப்பில் வேறு நேம் சர்வரைப் போட்டுக்கொண்ட பிள்ளைகளும், ஏதாவது ஒரு வைஃபையில் மட்டும் நெட் வரவில்லை என்றால் முதலில் அதை ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றிப் பாருங்கள்.

எழுதி வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. உங்கள் கணினியிலோ ரவுட்டரிலோ இருக்கும் நேம் சர்வர் எண்ணை நீங்கள் மாற்றாமலே அது மாறியிருந்தால் கவலைப்பட வேண்டும். நேம் சர்வர் யார் கையில் இருக்கிறதோ அவர் வங்கியின் பெயரைக் கேட்டவரைப் போலித் தளத்துக்கு அனுப்ப முடியும். டிஎன்எஸ் சேஞ்சர் என்ற நச்சு நிரல் நூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகளில் இப்படி எண்ணை மாற்றி வைத்திருந்தது. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ அந்தக் கும்பலைப் பிடித்தது. திருட்டு சர்வர்களை உடனே நிறுத்தினால் அத்தனை பேருக்கும் நெட் போய்விடும் என்பதால், நீதிமன்ற அனுமதியோடு அவற்றின் இடத்தில் நல்ல சர்வர்களை வைத்து ஓட்டினார்கள். 2012 ஜூலை 9-இல் அவற்றையும் நிறுத்தினார்கள். அதுவரை தங்கள் எண்ணைப் பார்க்காதவர்களுக்கு அன்றோடு நெட் நின்றது. நம் ஊரில் ரவுட்டர் வந்த நாளிலிருந்த அட்மின் கடவுச்சொல்லை மாற்றாமல் வைத்திருக்கும் வீடுகளே அதிகம். அதை மாற்றுங்கள். உள்ளே போய் டிஎன்எஸ் கட்டத்தில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். பணமே போய்விட்டது என்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு ஃபோன் செய்யுங்கள்.

ஆசிரியரிடம் நான் கேட்பது இது. ஒரு அமைப்பை மாற்றச் சொல்லும் குறிப்பு எதுவாக இருந்தாலும், பழைய நிலைக்கு எப்படித் திரும்புவது என்பதையும் அதே குறிப்பில் அச்சிடுங்கள். அடுத்த ஞாயிறு நேம் சர்வருக்கென ஒரு கட்டம் போட முடிந்தால் நல்லது. எங்கே பார்ப்பது, எதைக் குறித்துக்கொள்வது, மாற்றாமலே எப்படிச் சோதிப்பது, ஆட்டோமேட்டிக்குக்கு எப்படித் திரும்புவது, அலுவலகக் கணினியில் ஏன் கைவைக்கக் கூடாது என்பவை அதில் இருந்தால் போதும். என்னைப் போல் சர்வீஸ் பார்ப்பவர்களும், எண்ணை மாற்றினால் தேதியோடு ஒரு சிறு ஸ்டிக்கரில் எழுதி லேப்டாப்பின் அடியில் ஒட்டிவிட்டுத் தரலாம். நான் அப்படித்தான் செய்துவருகிறேன். கட்டத்தைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். கடைச் சுவரில் ஒட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.